போடு என்ற சொல் ஏறாத சாரம்

நமுனுகுல மலையடிவாரத்தில் எழுந்திருக்கும் தேயிலை அரைக்கும் புதிய ஸ்டோர்க் கட்டடத்தில், சாரம் கட்டவும் பிரிக்கவும் தலைமை தாங்கி, இன்று பணி ஓய்வு பெறும் உயர்திரு யேசுரத்தினம் மேஸ்திரி அவர்களுக்கு, அவர் கட்டிய சாரத்தில் ஏறி, பத்திரமாய் இறங்கி, பிள்ளை குட்டிகளோடு பிழைத்துக் கிடக்கும் தொழிலாளர் அனைவரும் பணிவுடன் வாசித்தளிக்கும் மடல்.

விண்ணை முட்டும் சுவருக்கெல்லாம் வேலியாய் நின்ற வித்தகரே! மூங்கிலுக்கும் கயிற்றுக்கும் முறை வகுத்த முதல்வரே! ஏறிய எல்லோரையும் இறங்கவும் வைத்த எங்கள் ஏந்தலே! வணக்கம்.

இந்த மூன்று வரியை எழுதுவதற்குள்ளேயே தோட்டத்துக் கணக்கெழுதும் கிளாக்கர் தங்கராஜாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது. சீமைக்குத் திரும்பும் துரைமாருக்குக் கருணைக் கடலே, கற்பகத் தருவே, ஞாயிறே, திங்களே என்று வருஷா வருஷம் எழுதிப் பழகிய கைதான் அது. அந்தப் பட்டங்களில் ஒன்றையாவது தங்களுக்குச் சூட்டலாமென்று எடுத்துப் பார்த்தோம். ஒன்றும் அளவு சேரவில்லை. கருணைக் கடல் என்று சொல்லலாமென்றால், முடிச்சைச் சரியாக இறுக்காதவனைத் தாங்கள் திட்டும் திட்டு இந்த மலைக்கு அந்தப் பக்கம் வரை தெரியும். ஆகையால் பட்டங்களைத் துரைமாருக்கே விட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம்.

நாங்கள் களைத்திருக்கிறோம், ஐயா. ஐப்பசியில் பிடித்த மழை தை பிறந்த பின்னும் எங்களை விட்டபாடில்லை. மழையை விடவும் எங்களுக்குள் நடந்த சண்டை எங்களைக் களைக்க வைத்துவிட்டது. இன்று இங்கே கூடியிருக்கும் முகங்களைப் பாருங்கள். விழாவுக்கு வந்தவர்கள் மாதிரியா இருக்கிறோம்? வேலை முடிந்து லயத்து வீட்டுக்குப் போகும் வழியில் கால் ஓய்ந்து உட்கார்ந்தவர்கள் மாதிரி இருக்கிறோம். கட்டட துரை அவர்கள் வந்து ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசி, கை குலுக்கி, குதிரை ஏறிப் போய்விட்டார். மிச்சமிருப்பது நாம்தான்.

இந்த மடல் சபையில் உரக்க வாசிக்கப்படுகிறது. ஆனால் தங்கள் காதில் அது விழாது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இதன் பிரதியொன்றைப் பெரிய எழுத்தில் எழுதித் தங்கள் மடியில் வைத்திருக்கிறோம். வேதப் புத்தகத்தை விரல் வைத்து வாசிப்பது போல இதையும் வாசித்து வாருங்கள். பக்கத்தில் இருக்கும் தங்கள் துணைவியார் லூசியா அம்மாள் வரி காட்டுவார். கிளாக்கர் தங்கள் விரலைப் பார்த்துத்தான் வாசிப்பார். தங்கள் விரல் நின்றால் அவரும் நிற்பார்.

தாங்கள் எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். ஸ்டோரின் மேற்குச் சுவரில் இன்னும் நிற்கும் சாரத்தை, கீழே நின்று குரல் கொடுக்கும் டிங்கிரி பண்டாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நீங்கள் பிரிப்பீர்களா, அல்லது கேட்காத காதோடு நானே ஏறிப் பிரிக்கட்டுமா என்று கேட்டீர்கள். அதற்கான பதில் இந்த மடலில் இருக்கிறது. கடைசி வரை வாசியுங்கள்.

கழியும் கயிறும் கைவசப்பட்ட காவலரே!

கோப்பித் தோட்டங்கள் பட்டுப்போய்த் தேயிலை தலையெடுத்த நாளில், திருச்சிச் சீமையிலிருந்து இளந்தாரியாய் இந்த மலைக்கு வந்தீர்கள். ஆள் கொண்டுவந்த கங்காணி தங்கள் உயரத்தையும் கை நீளத்தையும் பார்த்துவிட்டு, இவனுக்குச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி எதற்கு என்று கட்டட வேலைக்கு அனுப்பினாராம். அன்று ஏறியவர் இப்போதுதான் இறங்குகிறீர்கள். பூனாகலைப் பக்கத்து ஸ்டோர்கள், லுணுகலைக் கடைவீதி, பதுளையில் மணிக்கூண்டு என்று, இந்த ஊவா மலைகளில் நிமிர்ந்து பார்க்க வேண்டிய உயரத்தில் எது இருந்தாலும் அதைச் சுற்றி ஒரு காலத்தில் தங்கள் சாரம் நின்றிருக்கிறது.

ஆனால் எதிலும் தங்கள் அடையாளம் இல்லை. கொத்தனாருக்குச் சுவர் மிஞ்சுகிறது, தச்சருக்குக் கதவு மிஞ்சுகிறது. கட்டடம் எழுந்ததும் எல்லோரும் முதலில் அப்புறப்படுத்தச் சொல்வது சாரத்தைத்தான். பிரித்துக்கொண்டே இறங்கும்போது, சுவரில் குறுக்குக் கழி நுழைந்த பொந்துகளையும் சுண்ணாம்புக் கலவை வைத்து அடைத்துவிட்டு வருகிறோம். அதோடு நாம் வந்து போன தடயமும் அடைபட்டுவிடுகிறது. இதற்காகத் தாங்கள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. நாங்கள் வருத்தப்பட்டால், “செவுரு நிக்குதுல்ல? நீயும் நிக்கிறல்ல? போயி கஞ்சியக் குடி” என்பீர்கள்.

காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடித்து நாங்கள் வந்து சேருவதற்கு முன்னே, சின்னக் கட்டையொன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூங்கிலையும் தட்டிக் காது வைத்துக் கேட்டு வருவீர்கள். “நல்ல மூங்கி பதில் சொல்லும், விரிஞ்சது முனகும்” என்பீர்கள். முனகியதைக் கழற்றி வீசும் வரைக்கும் யார் கெஞ்சினாலும் ஏறவிட மாட்டீர்கள். பலகையின் முனை கழியில் உட்காராமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதைக் கட்டியவனின் வம்சத்தையே விசாரிப்பீர்கள். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் நாளில்தான் தங்களுக்குக் கவலை அதிகம். “மழையில கட்டு இறுகும், வெயில்ல நெகிழும். வெயில் அடிக்குதுன்னு பல்லக் காட்டிக்கிட்டு ஏறாதீங்கடா” என்று தாங்கள் கத்தாத தை மாதம் கிடையாது.

எல்லாவற்றிலும் மேலாகப் பிரிப்பதற்குத்தான் பயப்படச் சொல்லித் தந்தீர்கள். கடைசியாகக் கட்டியதை முதலில் அவிழ்க்க வேண்டும். சாரத்தைச் சுவரோடு பிணைத்த முடிச்சில், அந்தத் தட்டு முழுவதும் இறங்கும் வரை கை வைக்கக் கூடாது. எதையும் மேலிருந்து எறியக் கூடாது, கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும். “ஏத்துறப்ப எல்லாருக்கும் பயம் இருக்கும். எறக்குறப்ப வீட்டு ஞாபகம் வந்துரும். அப்பத்தான் சாவான்” என்று தாங்கள் சொன்னது, எங்களில் பலருக்குத் தகப்பன் சொன்ன எதையும் விட நன்றாக நினைவிருக்கிறது.

ஒரு சொல்லை ஒதுக்கி உயிர்களைக் காத்த உத்தமரே!

இந்த இடத்தில், பதுளையிலிருந்து மழையில் வண்டி பிடித்து வந்திருக்கும் கடைக்கார முதலாளிமாருக்கு ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். சற்று முன்பு அவர்களில் ஒருவர் உற்சாகமாக, “மேஸ்திரிக்கு மாலையப் போடுங்கப்பா!” என்றார். உடனே நாங்கள் இத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தோம். சிலர் ஒதுங்கி ஓடவும் செய்தோம். இவர்களுக்கு என்ன பைத்தியமா என்று அவர் நினைத்திருப்பார். காரணம் இதுதான்.

பல வருஷங்களுக்கு முன்பு, நமுனுகுலவின் மறுபக்கத்தில் ஒரு தோட்டத்தில் வேலை நடந்தது. சாரம் பிரிக்கும் நாள், நல்ல காற்று. அப்போது டிங்கிரி பண்டா எங்களில் ஒருவர் இல்லை. ஆற்று மணல் ஏற்றி வரும் மாட்டுவண்டிக்காரர். வண்டியைச் சாரத்துக்குக் கீழே ஓட்டி வந்தவர், மேலே எங்கள் கூட்டாளி மாணிக்கராஜ் ஒரு மூங்கிலைக் கையில் பிடித்தபடி நிற்பதைக் கண்டு, தன் பாஷையில் “பொடக்! பொடக்!” என்று கத்தினார். சிங்களத்தில் அதற்குச் சற்றுப் பொறு என்று அர்த்தம். காற்றில் அந்தச் சத்தம் மாணிக்கராஜின் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அது “போடு! போடு!” என்று ஆகிவிட்டது. அவரும் போட்டுவிட்டார்.

டிங்கிரி பண்டாவின் வலது தோள் நொறுங்கியது. உயிர் தப்பியதே பெரிய காரியம். அந்தக் கை இன்றைக்கும் நெஞ்சுக்கு மேலே எழுவதில்லை. யாரைக் குற்றம் சொல்வது? ஒருவர் பொறு என்றார், மற்றவர் போடு என்று கேட்டார். இரண்டு பேரும் தங்களுக்குச் சரியென்று பட்டதைத்தான் செய்தார்கள்.

மறுநாள் காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி வைத்து, “இன்னியிலருந்து சாரத்துல அந்த வார்த்த கெடையாது. மேலயும் கெடையாது, கீழயும் கெடையாது. சிங்கள ஆளுங்களும் பொடக்குன்னு சொல்லப்படாது. எறக்கு, நில்லு. ரெண்டே வார்த்த” என்றீர்கள். நாங்கள் சிரித்தோம். தாங்கள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வேலைத்தளத்தில் சோற்றை வைப்பார்களே தவிர அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். சட்டையை மாட்டினோம், கணக்கைப் பார்த்தோம், சண்டையைப் பிடித்தோம், கையெழுத்தை வைத்தோம். பழக்கம் லயம் வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளையைத் தொட்டிலில் போடு என்று சொன்ன மாமியார் மீது மாணிக்கராஜ் எரிந்து விழுந்ததாக அவர் மனைவி புஷ்பம் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

தோள் போன மனிதரைத் தாங்கள் கைவிடவில்லை. “கை ஏறாட்டி என்ன, தொண்ட இருக்குல்ல?” என்று அவரைக் கூட்டி வந்து, சாரத்தடியில் நின்று குரல் கொடுக்கும் வேலையைத் தந்தீர்கள். கீழே யாரும் வருகிறார்களா என்று பார்த்து அவர் கூப்பிடுவார். அதைக் கேட்டுத் தாங்கள் மேலே உத்தரவு சொல்வீர்கள். தங்கள் வாயிலிருந்து சொல் வந்தால்தான் எங்கள் கை அசைய வேண்டும் என்பது சட்டம். மாட்டை நிறுத்துகிற பழக்கத்தில் அவர் “நில்லூஊ” என்று இழுப்பதைக் கேட்டு நாங்கள் எத்தனையோ நாள் கேலி பண்ணியிருக்கிறோம். ஆனால் அவர் கீழும் தாங்கள் மேலுமாக நின்ற அந்த வருஷங்களில், தங்கள் சாரத்தில் ஒரு மனிதர்கூடச் சாகவில்லை. இதை விடப் பெரிய பட்டம் எதுவும் கிளாக்கரிடம் கிடையாது.

கேளாத காதையும் மறைக்காத கண்ணியரே!

கொஞ்ச காலமாகத் தாங்கள் மூங்கிலைத் தட்டிக் கேட்பதை நிறுத்திவிட்டு, உள்ளங்கையை மட்டும் அதன் மேல் வைத்துப் பார்த்து வந்தீர்கள். அனுபவம் முற்றிவிட்டது, இனி மேஸ்திரிக்குக் காது தேவையில்லை என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். எங்கள் புத்தி அவ்வளவுதான். லூசியா அம்மாளுக்கு முன்பே சந்தேகம் வந்திருக்கிறது. “கோயில்ல எல்லாரும் பாட்ட முடிச்ச பொறவும் இவரு மட்டும் பாடிக்கிட்டிருந்தாரு. எல்லாரும் பக்தின்னாங்க. நான் இவரு காதத்தான் பாத்தேன்” என்று பிறகு எங்களிடம் சொன்னார்.

கார்த்திகையில் இந்த மேற்குச் சுவர்ச் சாரத்தைப் பிரிக்கத் தொடங்கிய அன்று அது வெளிப்பட்டது. கொழுந்து நிறுக்கும் இடத்துக்குக் குறுக்கு வழியாக வடிவம்மா தலையில் கூடையோடு சாரத்தடியில் வந்துவிட்டார். டிங்கிரி பண்டா மூன்று தரம் நில்லு என்று கத்தினார். மேலே இருந்த எங்களுக்கு அது கேட்டது. ஆனால் பக்கத்தில் நின்ற தாங்கள், இறக்கு என்றீர்கள். சட்டப்படி தங்கள் சொல்லுக்குத்தான் கை அசையும். அசைந்தது. கயிற்றில் இறங்கிய பலகை கூடையைத் தட்டிவிட்டுப் போய்ச் சேற்றில் குத்தி நின்றது. வடிவம்மா கொழுந்துக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். முழங்கை சிராய்த்ததோடு பிழைத்தார். எழுந்தவுடன் தங்களைப் பார்த்து அவர் பேசிய பேச்சை இந்த மடலில் எழுத முடியாது. அதுவும் தங்களுக்குக் கேட்கவில்லை.

தாங்கள் இறங்கி வந்தீர்கள். டிங்கிரி பண்டாவின் முகத்தைப் பார்த்து, “கூப்பிட்டியா?” என்றீர்கள். அவர் இடது கையை உயர்த்தி மூன்று விரலைக் காட்டினார். எங்களுக்குத் தங்களை விட்டுக்கொடுக்க மனமில்லை. மாணிக்கராஜ் தங்கள் காதோடு வாய் வைத்து, “காத்துல சத்தம் அடிச்சிக்கிட்டுப் போயிருக்கும் மேஸ்திரி” என்று கத்தினார். தாங்கள் இல்லையென்று தலையை ஆட்டினீர்கள்.

“காத்து மேல பழி சொல்லாதீங்கடா. காத்து இல்ல, காதுதான் போச்சு” என்றீர்கள்.

அதற்குப் பிறகு தாங்கள் மேலே போகவில்லை. துரையிடம் தாங்களே போய்ச் சொல்லி வேலையை விட்டீர்கள். எங்களைக் கூப்பிட்டு, “இனிமே கீழருந்து டிங்கிரி பண்டா சொல்றதுதான் மேல. அவன் நில்லுன்னா நில்லுங்க, எறக்குன்னா எறக்குங்க. நடுவுல ஆள் வேணாம்” என்றீர்கள். சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தீர்கள். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டெனக் காட்டிய பெரியவரே!

எங்கள் சண்டையை இங்கே மூடி வைத்து என்ன ஆகப்போகிறது? ஏறாத ஆள் சொல்லுக்கு ஏறுகிற ஆள் எப்படிக் கட்டுப்படுவது என்று சிலர் கேட்டோம். இத்தனை பேர் இருக்கும்போது நம்ம பாஷைக்காரன் ஒருவன் கிடைக்கவில்லையா என்று சிலர் கேட்டோம். அப்படிக் கேட்டவர்களில் சிலர், அதே நாள் மாலை டிங்கிரி பண்டாவிடம் வெற்றிலை வாங்கித் தின்றவர்கள். மாணிக்கராஜ் மட்டும் வேறு காரணம் சொன்னார். “அவன் கூப்பிட்டா எனக்கு அந்த மூங்கி விழுந்த சத்தந்தான் கேக்குது. அவன் சொல்லுக்கு என்னால மேல நிக்க முடியாது” என்றார்.

வாரங்கள் போயின. மார்கழி மழையில் சாரம் அப்படியே நின்றது. தும்புக் கயிறு ஊறிக் கறுத்தது. பலகையில் பாசி பிடித்தது. தாங்கள் வேலையை விட்டவர், ஆனால் தினமும் கம்பளியைத் தலையில் இழுத்துக்கொண்டு வந்து, ஒரு மூங்கிலில் உள்ளங்கையை வைத்தபடி சாரத்தடியில் நின்றீர்கள். நாள் போகப் போக அது ஆபத்து என்று தங்களை விட நன்றாக அறிந்தவர் யார்? ஒருநாள் எங்களைப் பார்த்து, “அவன் சொல்லுக்கு நீங்க எறக்க மாட்டீங்கன்னா நானே ஏறி எறக்குறேன். நான் கட்டுனது, யார் தலையிலயும் விழ விட மாட்டேன்” என்றீர்கள். கோபத்தில் சொன்னதாக நினைத்தோம். லூசியா அம்மாள் அப்படி நினைக்கவில்லை. மழையில் நனைந்தபடி கிளாக்கரிடம் வந்து, “கிளாக்கர் ஐயா, ஒரு முடிவச் சொல்லுங்க. இல்லாட்டி இவரு ஏறிருவாரு. கீழ நின்னு நான் கத்துனாலும் இவருக்குக் கேக்காது” என்று அழுதார். அதைக் கேட்டும் நாங்கள் முடிவு சொல்லவில்லை. எங்களை நினைத்தால் எங்களுக்கே அலுப்பாக இருக்கிறது.

சென்ற புதன்கிழமை ஒரு பொழுது மட்டும் மழை விட்டது. வெயில் வந்தது. எந்த வெயிலில் ஏறாதீர்கள் என்று எங்கள் காதில் ஓதி வைத்தீர்களோ, அதே வெயிலில் தாங்கள் ஏறினீர்கள். நாங்கள் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தோம். டிங்கிரி பண்டாதான் முதலில் கண்டார். நில்லூஊ என்று கத்தினார். அந்தச் சத்தத்துக்கு மண்வெட்டி பிடித்தவர் மண்வெட்டியோடு நின்றார். மணல் சுமந்த பெண்கள் தலைச்சுமையோடு நின்றார்கள். தெருவில் போன வண்டி மாடுகூட நின்றுவிட்டது. மாணிக்கராஜ் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார். தாங்கள் மட்டும் ஏறிக்கொண்டே போனீர்கள்.

தங்கள் முதுகை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரம் எங்கள் ஆயுசுக்கும் போதும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். பின்னால் ஏறினால் சாரம் இரண்டு பேரைத் தாங்குமோ தெரியாது. மாணிக்கராஜ்தான் ஓடிப் போய் ஏறினார். இரண்டாம் தட்டில் தங்கள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். தாங்கள் குனிந்து பார்த்தீர்கள். அவர் முகத்தில் என்ன இருந்ததோ, அவரோடு இறங்கி வந்தீர்கள்.

இறங்கியதும் அவர் மூச்சு வாங்க வாங்கத் தங்கள் காதில் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“அவன் நில்லுன்னான் மேஸ்திரி. நாங்க எல்லாரும் நின்னுட்டோம். நீங்க ஒருத்தர்தான் ஏறிக்கிட்டே இருந்தீங்க!”

தாங்கள் மூங்கில் குவியலின் மேல் உட்கார்ந்து, கம்பளியை முகத்தில் இழுத்துக்கொண்டீர்கள்.

எங்கள் அன்புக்கும் வணக்கத்துக்கும் உரியவரே!

அன்று சாயங்காலம் நாங்கள் கூடினோம். மாணிக்கராஜ் எழுந்து போய் டிங்கிரி பண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தோடு சண்டை முடிந்தது. நாளை காலை மேற்குச் சுவர்ச் சாரத்தை, தங்கள் முறைப்படி மேலிருந்து கீழாக, டிங்கிரி பண்டாவின் குரலுக்குப் பிரிப்போம். ஏறும் முன் ஒவ்வொரு முடிச்சையும் சோதிப்போம். ஊறிப்போன கயிற்றை நம்ப மாட்டோம், புதுக் கயிறு கட்டிக்கொண்டுதான் பழையதை அவிழ்ப்போம். வெயில் காய்ந்தால் காத்திருப்போம். இதுதான் தாங்கள் கேட்ட கேள்விக்கு எங்கள் பதில்.

ஆனால் டிங்கிரி பண்டா ஒரு நிபந்தனை வைத்தார். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இந்த மடல் இவ்வளவு நீண்டுவிட்டது. அவர் சொன்னதை அவர் வாய்ச்சொல்லாகவே எழுதுகிறோம். “மேஸ்திரி கீழ வந்து நின்னா எல்லாரும் அவரு மூஞ்சியத்தான் பாப்பாங்க. என் சத்தம் காதுல ஏறாது. அவரு வரப்படாது. அவருக்கிட்ட அதச் சொல்ல எனக்கு ஏலாது. நீங்க சொல்லுங்க.” சொல்லிவிட்டு அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

ஆகவே, ஐயா, எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள். நாளை தாங்கள் வரக் கூடாது.

விடிந்ததும் லுணுகலைக்கு மகள் வீட்டுக்குத் தங்களையும் அம்மாளையும் கூட்டிப் போக வண்டி சொல்லி வைத்திருக்கிறோம். இந்தக் குடையும் புதுக் கம்பளியும் எங்கள் சிறு காணிக்கை. வண்டியில் ஏறியபின் திரும்பிப் பார்க்காதீர்கள். தாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எங்களுக்கு வேலை ஓடாது. கடைசி மூங்கில் தரைக்கு வந்ததும், ஏறிய ஒவ்வொருவரும் இறங்கியதும், மாணிக்கராஜ் லுணுகலைக்கு நடந்து வந்து தங்கள் முன்னால் நிற்பார். அவர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அவர் வந்தால் எல்லோரும் பிழைத்தோம் என்று அறிந்துகொள்ளுங்கள்.

அதுவரை வீட்டுக்குள் இருங்கள். சுடுகஞ்சி குடியுங்கள். கால் நீட்டிப் படுங்கள். இத்தனை வருஷம் எங்களுக்காக விழித்திருந்த கண்ணுக்கும், எங்களைத் திட்டித் திட்டித் தேய்ந்த தொண்டைக்கும், எங்களுக்காகக் கேட்டுக் கேட்டு ஓய்ந்த காதுக்கும் ஓய்வு கொடுங்கள். தாங்கள் தொழும் கர்த்தரும், நாங்கள் தேங்காய் உடைக்கும் முருகனும், டிங்கிரி பண்டா பூ வைக்கும் புத்தரும், எங்கள் கூட்டாளி ஷுக்ரி தொழும் அல்லாவும் தங்கள் நலத்தில் மட்டுமாவது ஒற்றுமையாக இருந்து, லூசியா அம்மாளோடு தங்களை நெடுங்காலம் நோயின்றி வைத்திருக்க வேண்டும் என்று கை கூப்புகிறோம்.

நமுனுகுல மலையடிவாரம், பதுளைப் பகுதி
பரிதாபி வருடம், தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

இங்ஙனம்,

டிங்கிரி பண்டா, சாரத் தலைவர்
(சிங்கள எழுத்தில், இடக்கை ஒப்பம்)

அவர் நில்லு என்றால் நிற்போர்:

மாணிக்கராஜ் (பெருவிரல் ரேகை)
வீரசிங்கம்
லிங்கம்
ஷுக்ரி
சாரத்தில் ஏறும் மற்றெல்லோரும்